சாவிக்காரியின் பிள்ளைகள்

ஜூன் 11

சிட்டுவோட அப்பாவுக்கு,

போன்ல பேசினா கொஞ்ச நேரத்துலயே நாம சண்டைக்கு வந்துடறோம். அதனால எழுதறேன். கப்பலுக்கு மெயில்ல எழுத்து மட்டும்தான் போகும், படம் போகாதுன்னு உங்க கம்பெனியில சொன்னாங்க. எனக்கு எழுத்தே போதும். படிச்சு முடிக்கிற வரைக்கும் நீங்க குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

நேத்து ஸ்கூல்லேருந்து கடைக்கு போன் வந்துச்சு. நம்ம பொண்ணு ஒரு காரியம் பண்ணியிருக்கா.

அவ வகுப்புல ரெண்டு காதுலயும் கேக்கற மெஷின் போட்ட பொண்ணு ஒருத்தி இருக்கா. ரெட்டைப்பின்னல்னு எல்லாரும் கூப்பிடுவாங்க. அவ காதுக்கு அச்சு எடுத்து மெஷின் மாட்டிவிட்டது நான்தான், நம்ம கடையிலதான். நீச்சல் வகுப்புக்குப் போகும்போது அதைக் கழட்டி ஒரு சின்ன டப்பாவுல வச்சுட்டுப் போவா. சிட்டு அந்த டப்பாவை எடுத்துத் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

மத்தியானம் பூரா அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்காம உக்காந்திருக்கா. எங்கேயோ தொலைச்சுட்டோம், வீட்டுல திட்டுவாங்கன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. அன்னிக்குப் புதுசா வந்த டீச்சர். கேள்வி கேட்டிருக்காங்க, பதில் இல்ல. திமிர்னு நினைச்சு நிக்க வச்சுட்டாங்க. வகுப்பே சிரிச்சிருக்கு. சிட்டு பக்கத்து பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டிருந்திருக்கா. ஸ்கூல் விடற நேரத்துல வேற ஒரு பிள்ளை அந்த டப்பாவைப் பாத்து சொல்லித்தான் வெளிய வந்துச்சு.

ஹெச்.எம். ரூம்ல அவ அழல. "விளையாட்டுக்கு எடுத்தேன்"னு சொன்னா. பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே வந்தா. நம்ம நிறுத்தம் வர்ற நேரத்துல கேட்டா:

"அம்மா, நிழலறுப்பானுக்குச் சின்ன வயசுல யாருமே இல்ல. அதனாலதான் அவன் கெட்டவன் ஆனான். எனக்கு நீ இருக்கே, அப்பா இருக்காரு. அப்ப நான் எதனால?"

இறங்கும்போது அவளே சொன்னா, "நான் சாவிக்காரி மாதிரின்னு நினைக்கிறேன்."

அவங்க ரெண்டு பேரும் வர்ற அந்த நிழல்பள்ளி கதைப் புஸ்தகம் அஞ்சையும் அவளோட சேர்ந்து நானும் படிச்சிருக்கேன். நீங்களும் அவளுக்காகக் கப்பல்ல படிக்கிறீங்கன்னு சொன்னா. எங்க வரைக்கும் வந்திருக்கீங்கன்னு தெரியல. நிழலை வச்சு மந்திரம் பண்றவங்களோட கதைன்னு மட்டும் நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அது நம்ம வீட்டுக் கூடத்துல வந்து உக்காந்திருக்கு.

என்ன செய்யறதுன்னு சொல்லுங்க. திட்டறதுக்காக எழுதல. பயமா இருக்கு.

சிட்டு அம்மா


ஜூன் 13

சிட்டு அம்மாவுக்கு,

ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுக்கிட்டே படிச்சேன், அப்புறம் கேபினுக்கு வந்து இன்னொரு தடவை படிச்சேன். கப்பல் எலக்ட்ரீஷியனுக்கு எங்க வயர் அறுந்திருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் பிழைப்பு. அதனால என் புத்தி முதல்ல அங்கதான் போச்சு.

முதல் விஷயம், அவ குழந்தை. ஒரு நாள் ஒரு தப்புப் பண்ணிட்டா. அதுக்காக அவளை ஏதோ கொலைகாரி மாதிரி பாக்காத.

நான் மூணாவது புஸ்தகத்துல இருக்கேன். நிழலறுப்பானோட சின்ன வயசுக் கதை வருதே, அதைப் படிச்சுட்டுப் புஸ்தகத்தை மூடி வச்சுட்டேன். பிறக்கும்போதே அவன் நிழல் மெலிசு. மத்த பிள்ளைங்க அதை மிதிச்சு விளையாடுவாங்க. பெத்தவ பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டுப் போனவ திரும்பவே இல்ல. அவன் அடுத்தவன் நிழலை அறுத்துத் தன்னோடதுல ஒட்டித் தைக்காம வேற என்ன செய்வான்? எந்தக் கெட்டவனையும் பின்னாடியே துரத்திக்கிட்டுப் போனா, கடைசியில ஒரு அழுத குழந்தைதான் நிக்கும். நான் அப்படித்தான் நம்பறேன்.

நம்ம குழந்தை எதுக்கு அழுதுச்சு? சொன்னா கோவிச்சுப்பே. அந்தப் பொண்ணு சனிக்கிழமை கடைக்கு வந்தா, நீ அவளைக் கூட்டிக்கிட்டு, காது சோதிக்கிற அந்தச் சத்தம் புகாத அறைக்குள்ள போயிடறே. கதவைச் சாத்திக்கிட்டு அவளோட சிரிச்சுச் சிரிச்சுப் பேசறே. சிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்து கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருக்கா. "அம்மா அவகிட்ட பேசற மாதிரி என்கிட்ட பேசறதே இல்லப்பா"ன்னு என்கிட்ட போன்ல ஒரு தடவை சொன்னா. உன்கிட்ட சொன்னா சண்டை வரும்னு விட்டுட்டேன்.

என் பங்கும் இருக்கு. ஊரைச் சுத்தற அப்பன். நாம பிரிஞ்சதும் இருக்கு. இவ்வளவையும் அந்தச் சின்னத் தலையில ஏத்திட்டு, அது கோணலா நடக்குதுன்னு கேக்கறது நியாயமா? கொஞ்சம் கூட உக்காரு. சரியாயிடுவா.

சிட்டு அப்பா


ஜூன் 20

சிட்டுவோட அப்பாவுக்கு,

பெஞ்சு விஷயம் எனக்கு உறைச்சுது. போன சனிக்கிழமை அவளையும் அறைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போனேன். அதுக்கு நன்றி.

ஆனா காரணம் வேற, சாக்கு வேற. நீங்க ரெண்டையும் ஒரே பையில போட்டுக் கட்டறீங்க.

அதே பள்ளிக்கூடத்துல கோணவாயன்னு ஒருத்தன் வர்றானே, அவனையும்தானே வாசல்ல விட்டுட்டுப் போனாங்க? அவன் தன் நிழல்ல பாதியைப் பிச்சு நிழல் இல்லாதவங்களுக்குக் குடுத்துக்கிட்டிருக்கான். ஒரே வாசல், ஒரே மழை. ஒருத்தன் அறுக்கறான், ஒருத்தன் குடுக்கறான். அப்ப அந்த வாசலை மட்டும் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது?

நீங்க இன்னும் நாலாவது புஸ்தகத்துக்கு வரல. அதுலதான் சாவிக்காரி முழுசா வர்றா. ஹாஸ்டல் வார்டன். பிள்ளைங்க நிழலைக் கழட்டி அலமாரியில வச்சுப் பூட்டறவ. குரலை உசத்தவே மாட்டா, "கண்ணு, கண்ணு"ன்னுதான் பேசுவா. அவளுக்கு எந்தச் சோகக் கதையும் கிடையாது. நல்ல வீடு, நல்ல புருஷன், ரெண்டு பிள்ளைங்க. படிச்சுட்டு எழுதுங்க.

எனக்குப் பயம் அவ டப்பாவை எடுத்ததுல இல்ல. அவ உக்காந்து பாத்ததுல. கடையில காது சோதிக்கிற ஹெட்போனை மாட்டிக்கிட்டு, சத்தமே இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு விளையாடினவ அவ. "தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும்மா, பயமா இருக்கு"ன்னு சொன்னவ அவ. மத்த பிள்ளைங்க தெரியாம பண்ணாங்கன்னு சொல்லலாம். இவளுக்குத் தெரியும். எங்க அமுக்கினா வலிக்கும்னு வகுப்பிலேயே இவளுக்கு மட்டும்தான் தெரியும். அங்கதான் அமுக்கியிருக்கா.

ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேக்கக் கூட்டிக்கிட்டுப் போனேன். கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வந்த மாதிரி, ஒரு வார்த்தை தடுமாறாம சொன்னா. அந்தப் பொண்ணோட அம்மா "சரிம்மா"ன்னாங்க. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தா. படி இறங்கும்போது சிட்டு கேக்கறா, "இத்தோட முடிஞ்சுதாம்மா?"

என் கோவம் எனக்குள்ள நிக்கல. வீட்டுக்கு வந்ததும் அந்த அஞ்சு புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டுப் போய்க் கடை அலமாரியில வச்சுப் பூட்டினேன். "உன் நல்லதுக்குத்தான்"னு சொன்னேன். அவ கத்தல, அழல. என்னை ஒரு நிமிஷம் பாத்துட்டு, "நீயும்தாம்மா"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிட்டா.

என்னதுன்னு அவ சொல்லல. எனக்குப் புரிஞ்சுது, அலமாரிச் சாவி என் கையிலதான் இருந்துச்சு.

சிட்டு அம்மா


ஜூன் 27

சிட்டு அம்மாவுக்கு,

நாலாவதை முடிச்சுட்டேன். ட்யூட்டி இல்லாத நாள், மேல் தளத்துல காத்துல உக்காந்து படிச்சேன். டெக் ஆளுங்களோட மேஸ்திரி ரெண்டு தடவை வந்து, "என்ன சார், பரீட்சையா?"ன்னு கேட்டுட்டுப் போனான்.

சாவிக்காரி வீட்டுக்குப் போற அத்தியாயம் என்னை விடமாட்டேங்குது. கையைக் கழுவறா. சின்னவனுக்குக் காய்ச்சல், நெத்தியில துணி நனைச்சுப் போடறா. அவன் கேக்கறான், "இன்னிக்கு என்னம்மா பண்ணே?" "பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டேன் கண்ணு"ங்கறா. அவ ஏப்ரன் பையில ஒரு குழந்தையோட நிழல், நாலா மடிச்சு வச்சிருக்கு. அவ பொய் சொல்லல. நிஜமாவே அப்படித்தான் நினைக்கிறா.

அப்பதான் ஒண்ணு தோணுச்சு. நிழலறுப்பானா இருக்கட்டும், இவளா இருக்கட்டும், ரெண்டு பேர்கிட்டயும் தயாரா ஒரு வாக்கியம் இருக்கு. அவனுக்கு, "எனக்கு யாரு குடுத்தா?" இவளுக்கு, "உன் நல்லதுக்குத்தான்." ஒவ்வொரு தடவையும் எதிர்ல இருக்கிறவங்க முகம் அவங்களை உறுத்த ஆரம்பிக்கும்போது அந்த வாக்கியத்தை எடுத்து மூடிடறாங்க. பால் பொங்கறப்ப தண்ணி தெளிக்கிற மாதிரி. உறுத்தல் அடங்கிடுது. அப்புறம் எதை வேணா செய்யலாம். வலி தெரியாதவன்தான் கெட்டவன்னு நான் நினைச்சிருந்தேன். இல்ல. தெரியும். தெரிஞ்சதை மூட ஒரு மூடி வச்சிருக்கான்.

இதை எழுதும்போது உன்னைக் குத்தறதா நினைக்காத. எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஏன்னா சிட்டு அந்த மூடியைத் தேடல. "எனக்கு எல்லாரும் இருக்கீங்க, அப்ப நான் எதனால?"ன்னு நேரா கேட்டா. நான்தான் போன தடவை நாலு மூடி செஞ்சு அனுப்பினேன். பெஞ்சு, பிரிவு, ஊரைச் சுத்தற அப்பன், சின்ன வயசு. அவளே கேக்காத சாக்கை அவளுக்கு நான் வாங்கிக் குடுக்கப் பாத்தேன்.

இங்க ஒரு விஷயம் நடந்துச்சு. எங்க சீஃப் இன்ஜினியர் பொறுமைசாலி, எல்லார் பிள்ளைங்க பேரையும் ஞாபகம் வச்சு விசாரிப்பார். மிஷின் ரூம்ல ஒருத்தன் சம்சாரத்துக்குப் பிரசவ நேரம். அவன் அடிக்கடி போன் பக்கம் ஓடறான்னு, "அவனுக்குக் கவனம் சிதறுது, அவன் பாதுகாப்புக்குத்தான்"னு சொல்லி, கீழ்த்தளத்துப் போன் லைனைக் கழட்டச் சொன்னார். என்கிட்டதான் சொன்னார். கழட்டினேன். "மேலிடத்து உத்தரவு"ன்னு அவன்கிட்ட சொன்னேன். பாரு, என்கிட்டயும் ஒரு வாக்கியம் இருந்திருக்கு.

நேத்துக் காலையில போய்த் திருப்பி மாட்டிட்டேன். சீஃப் கூப்பிட்டுக் கேட்டார். "லைன் நல்லா இருக்கு சார், கழட்டி வைக்கிறதுக்கு எனக்குக் காரணம் கிடைக்கல"ன்னேன். சிரிச்சுக்கிட்டே, என்னைப் பத்தி ஆபீசுக்கு எழுதறதா சொன்னார். எழுதட்டும்.

புஸ்தகத்தைக் குடுத்துடு.

சிட்டு அப்பா


ஜூலை 8

சிட்டுவோட அப்பாவுக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்கே அலமாரியைத் திறந்து புஸ்தகத்தை எடுத்துட்டு வந்து குடுத்தேன். "பூட்டினது தப்பு. நல்லதுக்குன்னு சொன்னது அதைவிடத் தப்பு. எனக்குக் கோவம், அவ்வளவுதான்"னு சொன்னேன். அவ புஸ்தகத்தை வாங்கல. மேசையைத் தொடைச்சுக்கிட்டிருந்தவ, தொடைச்சுக்கிட்டே பேச ஆரம்பிச்சா.

"முதல்ல சிரிப்பா இருந்துச்சும்மா. டீச்சர் நிக்க வச்சாங்களா, அவ திரும்பி என்னைப் பாத்தா. எல்லாரையும் விட்டுட்டு என்னைத்தான் பாத்தா. நான் உன் பொண்ணு இல்லையா, அதனால. டீச்சர் என்ன கேக்கறாங்கன்னு நான் சொல்வேன்னு நினைச்சிருக்கா. நான் தோளைக் குலுக்கினேன், எனக்கும் தெரியாதுங்கற மாதிரி."

துணியைக் கீழ வச்சுட்டு அப்பதான் முதல் தடவையா அழுதா. நான் சமாதானம் சொல்லல. பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டேன்.

இதோட முடிச்சு அனுப்பலாம்னுதான் எழுத ஆரம்பிச்சேன். ஆனா நேத்து வேற ஒண்ணு நடந்துடுச்சு.

அந்தப் பொண்ணோட மெஷின் மறுபடியும் காணோம். இந்தத் தடவையும் டப்பாவோட. பள்ளிக்கூடம் பூரா தேடியும் கிடைக்கல. ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "நாங்க யாரையும் சொல்லல, ஆனா நீங்களே வீட்டுல கொஞ்சம் பாருங்க"ன்னாங்க.

சிட்டுகிட்ட கேட்டேன். "நீயா?"

"இல்ல."

"நிஜமா?"

அவ தன் பையை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சு, ஜிப்பை அவளே திறந்து, "தேடு"ன்னா. நான் தேடினேன். பென்சில் டப்பா வரைக்கும் திறந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. அப்புறம் தலையணைக்கு அடியிலயும் பாத்தேன், அவ கதவுல சாஞ்சு நின்னு பாத்துக்கிட்டிருக்கும்போதே.

பெத்த பொண்ணை நம்ப முடியல. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது. உங்களைத் தவிர ஆள் இல்ல.

சிட்டு அம்மா


ஜூலை 9

சிட்டு அம்மாவுக்கு,

நீ தேடினேங்கறதைப் படிச்சு உன்மேல கோவம் வரணும். வரல. ஏன்னா எனக்கும் முதல்ல தோணினது "மறுபடியுமா?"ன்னுதான். நாலு வாரம் முன்னாடி அவளுக்கு வக்கீலா வந்து நின்னவன் நான்.

ஒண்ணு யோசிச்சுப் பாரு. நிழலறுப்பான்னு அவனுக்குப் பேரு வச்சது யாரு? அவன் முதல் தடவை ஒரே ஒருத்தன் நிழலை அறுத்தான். அதுவும் நுனியைத்தான். அடுத்த நாளே பள்ளிக்கூடம் பூரா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கு அப்புறம் எங்க நிழல் காணாம போனாலும் அவன் பையைத்தான் கொட்டினாங்க. ஒரு நாள் அவன், "சரி, அந்தப் பேரையே வச்சுக்கறேன்"னுட்டான். அவன் பண்ணினதுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு, அதுல நான் இப்ப உன் கட்சி. ஆனா அந்தப் பேரை எல்லாருமா சேர்ந்துதான் தைச்சுப் போட்டாங்க.

நம்ம பொண்ணுக்கு அந்தச் சட்டை வேண்டாம்.

"நீயா?"ன்னு கேட்டாச்சு, பதிலும் சொல்லிட்டா. இனி அதைக் கேக்காத. "என்ன நடந்துச்சு?"ன்னு கேளு. அவளுக்கு ஏதோ தெரியும்னு எனக்குப் படுது. தெரியாதவ பையைத் திறந்து காட்ட மாட்டா, கத்துவா.

பதிலை எதிர்பாத்துக்கிட்டிருக்கேன். எவ்வளவு சின்னதா இருந்தாலும் எழுது.

சிட்டு அப்பா


ஜூலை 20

சிட்டுவோட அப்பாவுக்கு,

நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். எல்லாத்தையும் சொன்னா.

எடுத்தது அவளோட சிநேகிதி, குதிரைவால்னு சொல்வாளே, எப்பவும் நம்ம வீட்டுல வந்து உக்காந்திருக்கிறவ. சிட்டு அவகிட்ட போய், "குடுத்துடு"ன்னு கேட்டிருக்கா. அவ திருப்பிக் கேட்டாளாம், "நீதானே சொல்லிக்குடுத்தே? நீ பண்ணா ஜோக்கு, நான் பண்ணா தப்பா?" பயத்துல அதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில போட்டுட்டா. குப்பை லாரி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு.

"இதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல?"

"அவ சொன்னது சரிதானேம்மா. அவளை மாட்டிவிட்டுட்டு நான் நல்லவ மாதிரி நிக்கவா?"

நான் ஹெச்.எம்.கிட்ட பேசறேன்னேன். வேண்டாம்னுட்டா. மறுநாள் காலையில அவளே தனியா அந்த ரூமுக்குப் போயிருக்கா. "இந்தத் தடவை நான் எடுக்கல. ஆனா எப்படி எடுக்கறதுன்னு காட்டிக்குடுத்தது நான்"னு சொல்லியிருக்கா. பேரைக் கேட்டதுக்கு, "அவளே சொல்வா, கொஞ்சம் நேரம் குடுங்க மிஸ்"னாளாம். குதிரைவால் ரெண்டு நாள் கழிச்சு அவ அம்மாவோட வந்து ஒத்துக்கிட்டா. ஆனா அந்தக் கூட்டமே இப்ப சிட்டுகிட்ட பேசறதில்ல. மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறாளாம்.

புது மெஷினுக்குச் சொல்லியாச்சு. அச்சு எடுத்து அனுப்பி, வந்து சேர இந்த மாசக் கடைசி ஆயிடும். அது வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு வகுப்புல ஒண்ணும் கேக்காது. சிட்டு, "நான் அவ பக்கத்துல உக்காந்து, டீச்சர் சொல்றதை அவ முகத்தைப் பாத்துத் திருப்பிச் சொல்றேன்"னு கேட்டிருக்கா. கடையில நான் எப்படிப் பேசறேன்னு பாத்து வச்சிருக்கா, வெளிச்சம் நம்ம முகத்துல விழணும், வாயைக் கையால மறைக்கக் கூடாதுன்னு.

அந்தப் பொண்ணோட அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. "உங்க பொண்ணு எங்க பொண்ணு பக்கத்துலயே வர வேண்டாம்." எனக்கு அவங்களைக் குத்தம் சொல்லத் தோணல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைசியில அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. "எனக்குக் கணக்குல ஒண்ணும் புரியல. அவ உக்காரட்டும். டீச்சர் சொன்னதைச் சொன்னா போதும். வேற ஒரு வார்த்தை என்கிட்ட பேசக் கூடாது."

சிட்டு அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டா. முதல் நாள் அந்தப் பொண்ணு இவ பக்கமே திரும்பாம கரும்பலகையையே பாத்துக்கிட்டிருந்துச்சாம். இவ காத்துகிட்ட பேசிக்கிட்டிருந்திருக்கா. குதிரைவால் கூட்டம் பின்னாடி சிரிச்சுக்கிட்டிருந்திருக்கு. மூணாவது நாள் அந்தப் பொண்ணு டக்குனு திரும்பி, "வாயை அவ்வளவு பெருசாத் திறக்காத, பாக்கவே சகிக்கல. சாதாரணமாப் பேசு"ன்னு சொன்னாளாம்.

வீட்டுக்கு வந்து இதை என்னமோ பரிசு வாங்கின மாதிரி சொல்றா.

அவ பையைத் தேடினதுக்கு நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "தேடத்தான்மா செய்வாங்க"ன்னா. அதைக் கேட்டப்ப, தேடினப்ப இருந்ததைவிட எனக்கு மனசு கனத்துச்சு.

சிட்டு அம்மா


ஜூலை 24

சிட்டு அம்மாவுக்கு,

"வாயை அவ்வளவு பெருசாத் திறக்காத." இதை மிஷின் ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். விவரம் சொல்லல, வாக்கியத்தை மட்டும்.

நான் போன் லைனைக் கழட்டினேனே, அந்தப் பையனுக்குப் பொண்ணு பிறந்திருக்கு. லைன்ல அழுகைச் சத்தம் கேட்டதும் அவன் ரிசீவரை எங்க எல்லார் காதுலயும் மாத்தி மாத்தி வச்சான். சீஃபும் வந்து கேட்டுட்டு வாழ்த்துச் சொன்னார். மனசாரத்தான் சொன்னார். அதுதான் எனக்கு விளங்கவே மாட்டேங்குது. ஆபீசுக்கு என்னைப் பத்தி எழுதின ரிப்போர்ட்டும் போயிடுச்சு. அடுத்த ஒப்பந்தம் சந்தேகம்தான். செப்டம்பர்ல இறங்கிடுவேன். கரையில ஏதாவது வேலை பாக்கலாம்னு இருக்கேன். இதை உன்மேல எதையும் திணிக்கறதுக்காகச் சொல்லல. தெரிஞ்சிருக்கட்டும்.

அஞ்சாவதையும் முடிச்சேன். எழுதினவங்க மேல சரியான கோவம். நிழலறுப்பான் சாகறான், ஊரே விளக்கேத்திக் கொண்டாடுது. சாவிக்காரிக்கு ஒண்ணுமே ஆகல. வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தல், அவ்வளவுதான். பொட்டியைக் கட்டிக்கிட்டுப் பிள்ளைங்க கையைப் புடிச்சுக்கிட்டுப் போயிடறா. இதுக்கா அஞ்சு புஸ்தகம்னு தூக்கிப் போட்டேன்.

அப்புறம் யோசிச்சேன். அவனை முடிக்க ஒரு சண்டை போதும். அவன் வெளிய நின்னு கத்தறவன். இவளை எந்தச் சண்டையில முடிக்கறது? அவளா ஒரு நாள் தன் பையில கைவிட்டு, அதுக்குள்ள இருக்கறது என்னன்னு பாத்தாத்தான் உண்டு. அஞ்சு புஸ்தகத்துலயும் அவ பாக்கல. நிழலறுப்பானாவது சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை தான் தைச்சு வச்ச நிழலையெல்லாம் திரும்பிப் பாக்கறான். அவனை மன்னிக்க எனக்கு அது போதல, ஆனா அவனை மனுஷன்னு சொல்ல அது போதும்.

சிட்டு பாத்துட்டா. இந்த வயசுல. எனக்கு வேற கேள்வி இல்ல. அதுக்காக நாம அவளை மெச்சவும் வேண்டாம், அந்தப் பொண்ணுக்கு இன்னும் காது கேக்கலையே.

மெஷின் வந்ததும் எழுது.

சிட்டு அப்பா


ஆகஸ்ட் 2

சிட்டுவோட அப்பாவுக்கு,

மெஷின் வந்துடுச்சு. இன்னிக்குக் காலையில மாட்டிவிட்டேன்.

அந்தப் பொண்ணும் அவ அம்மாவும் வந்திருந்தாங்க. சிட்டு கடைப்பக்கமே வரமாட்டேன்னு வீட்டுல இருந்தா. அச்சு காதுக்குள்ள சரியா உக்காருதான்னு நான் பாத்துக்கிட்டிருக்கும்போது அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "அவ வரலையா?" நான் அவங்க அம்மாவைப் பாத்தேன். அவங்க கொஞ்ச நேரம் கைப்பையைத் திறந்து மூடிக்கிட்டிருந்துட்டு, "வரச் சொல்லுங்க"ன்னாங்க.

சிட்டு ஓடி வந்து, மூச்சு வாங்க அறை வாசல்ல நின்னா. உள்ள வரச் சொன்னேன். மெஷின் மாட்டினதும் ஒரு சோதனை இருக்கு, நீங்க பாத்திருக்கீங்க. மெஷின் மாட்டினவங்களுக்குப் பின்னாடி நின்னு, வாயசைவு தெரியாம, ஒவ்வொரு வார்த்தையா சொல்லணும். அவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். எப்பவும் நான்தான் சொல்வேன். இன்னிக்கு அந்தப் பொண்ணு, "அவ சொல்லட்டும்"னுச்சு.

சிட்டு பின்னாடி போய் நின்னா. நான் வார்த்தை அட்டையை நீட்டினேன். அவ வாங்கல. ரெண்டு கையையும் சட்டை நுனியில சுருட்டிக்கிட்டு நின்னா. அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல சொன்னா.

"அன்னிக்கு நீ என்னைப் பாத்தப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தோளைக் குலுக்கினேன்."

அறையில வேற சத்தமே இல்ல, அது அப்படிப்பட்ட அறை. அந்தப் பொண்ணோட அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு திரும்பல. திருப்பிச் சொல்லவும் இல்ல. எதிர்ச்சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

பரவாயில்லன்னு அவ சொல்லுவான்னு நான் எதிர்பாத்தேன். சிட்டுவும் எதிர்பாத்திருப்பா. அவ சொல்லல.

"கேக்குது"ன்னா. அவ்வளவுதான்.

சிட்டு என்னைப் பாத்தா, இப்ப என்ன செய்யணும்னு கேக்கற மாதிரி. அவளைக் கட்டிக்கணும் போல இருந்துச்சு. ஆனா சோதனை இன்னும் முடியல. மெஷினோட சத்தத்தை ஒரு படி குறைச்சேன்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு, இன்னும் மெதுவாச் சொல்லு"ன்னேன்.

சிட்டு அம்மா